நூத்தம்பது நாட்டுக்கும் ஆகற பிளக்

தோள்ல தொங்கறது லேப்டாப் பையா தம்பி? உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. ஏ பிளாக் இருநூத்தி மூணை வாடகைக்குப் பார்க்க வந்திருக்கீங்க, புரோக்கர் சாவி கொண்டு வரணும், அதானே? செக்யூரிட்டி ஏழுமலை சொன்னார். அந்த புரோக்கர் அஞ்சு நிமிஷம்னு சொன்னா முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். எனக்கும் இப்ப வேலை ஒண்ணும் இல்ல.

என் பேர் ஆவுடையப்பன். கூட்டுறவுத் துறையில துணைப் பதிவாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இந்த அலமேலு கார்டன்ஸ்ல மொத்தம் நாப்பத்தெட்டு வீடு. பதினோரு வருஷம் இதோட வீட்டுக்காரங்க சங்கத்துக்கு நான் செயலாளர். முன்னூத்திப் பன்னெண்டு சுற்றறிக்கை போட்டிருக்கேன் தம்பி. எல்லாம் லெட்டர்பேடுல, பொருள், பார்வைன்னு போட்டு, முறையா. இந்த மாடம்பாக்கம் பூராவும் தேடினாலும் இப்படி ஒரு அபார்ட்மெண்ட் கிடைக்காது.

லேப்டாப்பைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. வெளிநாடு போற உத்தியோகமா? இல்லையா? போவீங்க. எப்பவாவது போவீங்க. போனா அடாப்டர் வாங்குவீங்க. அதுல நீங்க ஏமாறக் கூடாதுன்னுதான் சொல்றேன். என்னை ஒரு நாடே சேர்ந்து ஏமாத்திடுச்சு. தென்னாப்பிரிக்கா. சிரிக்காதீங்க, கேளுங்க.

என் மக கோமதி. கோமுன்னு கூப்பிடுவோம். மாப்பிள்ளைக்கு டர்பன்ல வேலை, கப்பல் கம்பெனியில. போன ஏப்ரல்ல அவளுக்குப் பிரசவம்னு டாக்டர் தேதி குடுத்துட்டாங்க. என் சம்சாரம் சிவகாமி ஜனவரியிலயே பெட்டியை எடுத்துத் துடைச்சு வெச்சுட்டா. "நீங்களும் வர்றீங்கல்ல?"ன்னு கேட்டா.

"ரெண்டு மாசம் சங்கத்தை யாரு பார்க்கறது?"ன்னேன்.

"நாப்பத்தேழு வீட்டுக்காரங்க இருக்காங்களே"ன்னா.

அவளுக்கு நிர்வாகம் தெரியாது தம்பி. நாப்பத்தேழு பேர் இருக்கறதாலதான ஒரு ஆள் வேணும்?

இதுல ஒண்ணு சொல்லணும். கோமு பிறந்தப்பவும் நான் பக்கத்துல இல்ல. கயத்தாறு பக்கம் ஒரு பால் சங்கத்துக்குத் தேர்தல், நான் தேர்தல் அலுவலர். ஒன்பதாம் நாள்தான் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். கடமைன்னா அப்படித்தான். சிவகாமி அதைப் பத்தி இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. முப்பத்தோரு வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ்வளவு பெருந்தன்மை.

சரி, நானும் யோசிச்சேன். கைல லேப்டாப் இருக்கு. அங்க இருந்தே சங்கத்தை நடத்தலாம். லேப்டாப் ஓடணும், அவ்வளவுதான். "அங்க என் லேப்டாப் ஓடும்னு உறுதியானா வர்றேன்"ன்னு சொல்லிட்டேன். கோமு போன்ல சொன்னா, "அப்பா, அதுக்கு வேண்டியதெல்லாம் இங்க இருக்கு, நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம், வந்தா போதும்." 'இருக்கு'ன்னா என்ன அர்த்தம்? எத்தனை இருக்கு, எந்தக் கம்பெனி, எத்தனை ஆம்ப்ஸ்? எழுத்து மூலமா கேட்டேன். பதில் வரல. இப்படி வாய்வார்த்தையை நம்பி ஒரு செயலாளர் கண்டம் விட்டுக் கண்டம் போக முடியுமா?

அடாப்டர் தேடப் புறப்பட்டேன். எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்குன்னே இருக்கற ரிச்சி தெருவுக்கு நாலு தடவை போனேன். முதல் கடையில அந்த ஆள் கேக்கறான், "எந்த நாட்டுக்கு சார்?"

நான் சொல்லல. ஏன் சொல்லணும்? நாட்டைச் சொன்னா அந்த நாட்டுக்குன்னு எதையாவது ஒண்ணை எடுத்துத் தலையில கட்டிடுவான். எனக்கு இந்த வியாபாரம் எல்லாம் தெரியும். "எல்லா நாட்டுக்கும் ஆகற மாதிரி குடுப்பா"ன்னேன்.

"எல்லா நாட்டுக்குமா சார் போறீங்க?"

"போனா?"ன்னேன்.

யுனிவர்சல் அடாப்டர்னு எடுத்து வெச்சான். வெள்ளைல ஒண்ணு, கறுப்புல ஒண்ணு, சிவப்புல ஒண்ணு. பக்கவாட்டுல ஒரு பொத்தானைத் தள்ளினா அமெரிக்கக் கம்பி வெளிய வருது. இன்னொண்ணைத் தள்ளினா லண்டன் கம்பி. இன்னொண்ணைத் தள்ளினா ஐரோப்பா. ஒரு சின்ன டப்பாக்குள்ள உலகம் பூரா மடக்கி வெச்சிருக்கான் தம்பி! எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா உடனே வாங்கிட முடியுமா? வீட்டுக்கு வந்து ஒரு ஒப்பீட்டு அட்டவணை தயார் பண்ணினேன். பதினாலு மாடல், ஒன்பது பத்தி. எடை, நீளம், ஃபியூஸ் உண்டா, சொருகினா ஆடுதா, சத்தம் வருதா, பெட்டி மேல எத்தனை நாடு போட்டிருக்கு, இப்படி. பிப்ரவரி மாசம் பூராவும் அதுலயே போச்சு. அட்டவணையை பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு மேஜையில வெச்சிருந்தேன். அதோட பின்பக்கம்தான் சிவகாமி டர்பனுக்கு எடுத்துட்டுப் போற பிரசவ மருந்து, பொடி எல்லாத்துக்கும் லிஸ்ட் எழுதினா.

கடைசியில நூத்தம்பது நாடுன்னு போட்டிருந்த கறுப்பு மாடல் முதல் இடத்துக்கு வந்துடுச்சு. என் லேப்டாப்பும் கறுப்பு. ஆனாலும் நான் ஒரு ஆள் முடிவெடுக்க விரும்பல. சங்கத்தோட வேலைக்காகப் போற சாமான். அதனால மார்ச் முதல் ஞாயிறு சிறப்புப் பொதுக்குழு கூட்டினேன். இதே ஹால்லதான். பொருள் ஒண்ணு, லிஃப்ட் கதவு கிறீச்சிடறது. பொருள் ரெண்டு, செயலாளரின் வெளிநாட்டுப் பயணமும் அடாப்டர் தேர்வும்.

சாதாரணமா நம்ம கூட்டத்துக்குப் பதினஞ்சு பேர் வந்தா ஜாஸ்தி. அன்னிக்கு நாற்காலி பத்தல தம்பி! பொருள் ரெண்டை வாசிச்சதும் ஹால்ல ஒரு சத்தம். எப்படிச் சொல்றது, ரொம்ப நாளா அடைச்சிருந்த மூக்கு திறந்தா ஒரு மூச்சு விடுவோம்ல, அந்த மாதிரி. பாசம்.

"சார், எத்தனை நாள் பயணம்?"னு சி பிளாக்ல இருந்து ஒருத்தர்.

"அறுபது நாள்."

"விசா தொண்ணூறு நாளைக்குக் குடுப்பாங்களே சார்?"

பாருங்க, எவ்வளவு அக்கறையா விசாரிச்சு வெச்சிருக்காங்க.

"போறேன்னு இன்னும் உறுதியில்ல. அங்க லேப்டாப் ஓடினாத்தான் போவேன். தினமும் காலையில ஒரு சுற்றறிக்கை, சாயங்காலம் ஒரு ஆய்வுக் குறிப்பு அனுப்பற மாதிரி ஏற்பாடு இருக்கணும்"னேன். நாலஞ்சு பேர் நெத்தியைத் தடவிக்கிட்டாங்க. அப்புறம் கறுப்பு அடாப்டரைக் காட்டி, எல்லாப் பொத்தானையும் தள்ளிக் காட்டி விளக்கினேன்.

அப்பதான் ரெஜினா டீச்சர் எழுந்தாங்க. பி பிளாக் நூத்தி நாலு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் நடத்தினவங்க. எனக்கும் அவங்களுக்கும் ஆகாது. வராண்டாவில செருப்பு ஸ்டாண்ட் வைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை நூத்தி நாப்பது போட்டேன். நாப்பத்தேழு பேர் எடுத்தாங்க, அவங்க எடுக்கல. "செருப்பை மடியிலயா வெச்சுக்கறது?"ன்னு கேட்டாங்க. அந்த மாதிரி ஆள்.

"செக்ரட்டரி சார், தென்னாப்பிரிக்காவுக்கு இது எடுபடாது"ன்னாங்க.

"நூத்தம்பது நாடுன்னு போட்டிருக்கே டீச்சர்."

"அந்த நூத்தம்பதுல அது இல்ல. அங்க பிளக் வேற. மூணு உருண்டைக் கம்பி, தடிமனா இருக்கும். நம்ம வீட்டுல கீசருக்குப் போடறோமே பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக், அதேதான். நம்ம ராஜகீழ்ப்பாக்கம் எலக்ட்ரிக்கல் கடையில ஒரு கன்வர்ட்டர் வாங்கிட்டுப் போங்க, வேலை முடிஞ்சுது." சொல்லிட்டு போர்டுல மூணு வட்டம் வேற போட்டுக் காட்டறாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "டீச்சர், கீசர் பிளக்கை எடுத்துக்கிட்டு ஒருத்தன் வெளிநாடு போவானா?"ன்னேன். ஹால் பூராவும் சிரிப்பு. பி பிளாக் பத்ரி அப்ப எழுந்து நின்னார். ஐடி கம்பெனிக்காரர், ஜோகன்னஸ்பர்க்ல மூணு வருஷம் இருந்துட்டு வந்தவர். "பத்ரி, நீங்க அங்க இருந்தவர். நீங்க சொல்லுங்க"ன்னேன்.

அவர் ரெஜினா டீச்சரைப் பார்க்கல. என்னையும் பார்க்கல. அடாப்டரையே பார்த்துக்கிட்டு, "சார், யுனிவர்சல்னா யுனிவர்சல்தான் சார்"னார்.

அனுபவஸ்தன் வார்த்தை. அப்புறம் என்ன? ஓட்டெடுப்பு. கறுப்பு அடாப்டருக்கு ஆதரவா நாப்பத்தாறு. எதிரா ஒண்ணு. நான் நடுநிலை. தம்பி, இந்தக் கட்டடத்துல மூணு வருஷமா நாய் வளர்க்கலாமா வேண்டாமான்னு ஒரு முடிவுக்கு வர முடியல. தண்ணி மோட்டார் எத்தனை மணிக்குப் போடறதுன்னு எட்டு கூட்டம் நடந்திருக்கு. நாப்பத்தாறு பேர் ஒரே பக்கம் கை தூக்கினது சரித்திரத்துலயே அன்னிக்கு ஒருநாள்தான். தீர்மானப் புத்தகத்துல அதைச் சிவப்பு மையில எழுதி வெச்சேன்.

ரெஜினா டீச்சர் மட்டும் பத்ரிகிட்ட போய், "ஏம்பா, உனக்கே இது நல்லா இருக்கா?"ன்னு கேட்டாங்க. தோத்தவங்க பேச்சு. நான் கண்டுக்கல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து, "வர்றேன். அடாப்டர் தேர்வாயிடுச்சு"ன்னு சிவகாமிகிட்ட சொன்னேன். கறுப்பு டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் பால்கனிக் கதவைச் சாத்திக்கிட்டு கோமுகூட ஒரு மணி நேரம் பேசினா. பிரசவ விஷயம். பொம்பளைங்க ஆயிரம் பேசிக்குவாங்க.

வழியனுப்பு விழாவைக் கேக்காதீங்க. பொன்னாடை போத்தினாங்க. கார் கிளம்பறப்ப நாலு பிளாக்லயும் பால்கனி நிறைய ஆளுங்க, கையாட்டறாங்க. தெருமுனை திரும்பறோம், பின்னாடி சடசடன்னு பட்டாசு சத்தம். தீபாவளிக்கே காம்பவுண்டுக்குள்ள பட்டாசு கூடாதுன்னு சுற்றறிக்கை எண்பத்தெட்டு. அன்பு மிகுதியில அதை மீறிட்டாங்க. நானும் அதுக்கு விளக்கம் கேக்கல. விட்டுட்டேன்.

டர்பன். ரெண்டு விமானம் மாறிப் போய் இறங்கினோம். வீடு பழைய மாடிவீடு, சுத்தி மரம், தூரத்துல கடல் தெரியுது. கோமு வாசல்ல நிக்கறா, வயித்தைத் தாங்கிக்கிட்டு. நான் நேரா சுவரைப் பார்த்தேன். தம்பி, மூணு ஓட்டை. உருண்டை. ஒவ்வொண்ணும் இவ்வளவு தடிமன்! கறுப்பு டப்பாவை எடுத்து எல்லாப் பொத்தானையும் தள்ளிப் பார்த்தேன். லண்டன் போகல. அமெரிக்கா போகல. ஐரோப்பா உள்ள போச்சு, போயி கிணத்துல போட்ட கல்லு மாதிரி அதுபாட்டுக்குத் தொளதொளன்னு கிடக்கு. ஒரு பொறி இல்ல, ஒரு வெளிச்சம் இல்ல.

"நம்ம கீசர் பிளக் மாதிரி இருக்கே"ன்னா சிவகாமி.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு"ன்னேன்.

இதுல தப்பு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க. நூத்தம்பது நாடு ஒழுங்கா ஒத்துப் போகுது. ஒரு நாடு மட்டும் நான் வேறன்னு நிக்குது. அடாப்டர் என்ன பண்ணும்?

மாப்பிள்ளையைக் கேட்டேன். "உங்ககிட்ட எல்லாம் இருக்குன்னு கோமு சொன்னாளே?" அவர் கோமுவைப் பார்த்தார். கோமு சிவகாமியைப் பார்த்தா. "இருந்துச்சு மாமா. ஆபீஸ்ல ஒருத்தர் கேப் டவுன் போறார்னு வாங்கிட்டுப் போயிட்டார்"னார்.

"எல்லாத்தையுமா?"

"பெரிய குடும்பம் மாமா, அவங்க."

எப்பேர்ப்பட்ட துரதிர்ஷ்டம்! சரியா நான் போற வாரம் பார்த்து அந்த ஆள் குடும்பத்தோட கேப் டவுன் போறான்.

லேப்டாப்ல நாப்பது சதவீதம் சார்ஜ் இருந்துச்சு. அதை வெச்சு சுற்றறிக்கை முன்னூத்திப் பதிமூணு அடிச்சேன். 'டர்பனிலிருந்து செயலாளர்'னு தலைப்பு. மூணாவது பக்கத்துல இருக்கேன், படக்குன்னு அணைஞ்சுடுச்சு. அதோட சரி. போன்ல அடிக்கலாம்தான். ஆனா லெட்டர்பேடு வராது, நாலு வரிக்கு மேல அடிச்சா எனக்கு விரல் வீங்கிடும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், பதினோரு நிமிஷம். நாப்பத்தாறு வீட்டுல இருந்தும் ஒரே பதில், "சார், ஆடியோ ஓபன் ஆகல." ரெண்டாவது அனுப்பினேன். அதுவும் ஓபன் ஆகல. அங்க இருந்து இங்க சத்தம் வராது போல. கடல் நடுவுல இருக்குல்ல.

போன் மட்டும் எனக்குச் சிக்கல் இல்லாம ஓடுச்சு. தினமும் மாப்பிள்ளை, "குடுங்க மாமா"ன்னு மாடிக்கு எடுத்துட்டுப் போவார், எதுல சொருகுவாரோ, கொண்டு வந்து தர்றப்ப நூறு காட்டும். கெட்டிக்காரர்.

எனக்கு அங்க ஒரே ஒரு தொந்தரவுதான். காலையில ஆறு மணிக்கு அடுக்களையில மிக்ஸி ஓடும். தேங்காச் சட்னி, பூண்டுத் துவையல், பிரசவ லேகியத்துக்குப் பொடி. நம்ம ஊர் மிக்ஸி தம்பி, கல்யாணத்துல சீரா நான் வாங்கிக் குடுத்தது. அது போடற சத்தத்துல தூக்கம் போயிடும். நான் அடுக்களைப் பக்கம் போறதில்ல, அது சிவகாமி டிபார்ட்மெண்ட். போயிருந்தா, "ஏழு மணிக்கு மேல ஓட்டுங்க"ன்னு ஒரு உத்தரவு போட்டிருப்பேன்.

என்ன, ஏன் சிரிக்கறீங்க? மிக்ஸி சத்தம்னா உங்களுக்கும் ஆகாதா? சரி, கேளுங்க.

அஞ்சாம் நாள் கோமுவுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரி. பகல் பதினொண்ணரை மணி. நான் வராண்டாவில நிக்கறேன். லேப்டாப் ஓடியிருந்தா வீட்டுல உக்காந்து ஆய்வுக் குறிப்பு அடிச்சிருப்பேன். செத்துக் கிடக்கே, அதனால கூடப் போனேன். நர்ஸம்மா ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டு வந்து என் கையில வெச்சுட்டாங்க. மாப்பிள்ளை ஏதோ ஃபாரத்துல கையெழுத்துப் போடப் போயிருந்தார், சிவகாமி உள்ள மககூட இருந்தா, இருந்த ஆள் நான்தான். பேத்தி. பிறந்து இருபது நிமிஷம் ஆகல. கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தா பாருங்க. நான் பதிவாளர் அலுவலகத்துல எத்தனையோ ஆய்வு அதிகாரிகளைப் பார்த்திருக்கேன். அப்படி ஒரு பார்வை பார்த்ததில்ல.

கோமுவைப் பார்க்க உள்ள போனேன். அவ படுத்துக்கிட்டே கேக்கறா, "அப்பா, இன்னிக்கு என்ன நாள்?"

"புதன்கிழமைம்மா."

"அது இல்லப்பா. பிறந்து எத்தனாவது நாள்னு கேட்டேன்."

மருந்து மயக்கம். என்னமோ கேக்கறா. "முதல் நாள்மா"ன்னேன். அவ அழுதா. உடம்பு நோவு இருக்கும்ல. சிவகாமி ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா.

வீட்டுக்கு வந்த அப்புறம்தான் பிரச்சினை. மிருதுளான்னு பேர் வெச்சாங்க. யார் தூக்கினாலும் அழுவா. சிவகாமி தாலாட்டினா, கோமு பாட்டுப் போட்டா, மாப்பிள்ளை தோள்ல போட்டு நடையா நடந்தார். ஒண்ணுக்கும் மசியல. நான் வேலையில்லாம உக்காந்திருக்கேன்ல, என் மடியில போட்டுட்டுக் குளிக்கப் போயிட்டாங்க. எனக்குத் தாலாட்டு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது நம்ம சங்கத்து விதிமுறைதான். லேப்டாப்பும் இல்ல, மறந்துடக் கூடாதேன்னு சும்மா மனப்பாடமாச் சொன்னேன். "விதி ஏழு, உட்பிரிவு மூணு. வாகனங்களை அவரவர்க்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே நிறுத்துதல் வேண்டும்." டக்குனு அழுகையை நிறுத்திட்டா! என் வாயையே பார்க்கறா. "உட்பிரிவு நாலு. விருந்தினர் வாகனங்கள்." விதி ஒன்பது வர்றதுக்குள்ள தூங்கிட்டா.

பதினோரு வருஷத்துல இந்தக் கட்டடத்துல ஒருத்தர் அந்த விதிமுறையை அவ்வளவு கவனமாக் கேட்டதில்ல தம்பி. அன்னிலருந்து அவளைத் தூங்க வைக்கற பொறுப்பு என்னுது. அப்புறம் குளிப்பாட்டறப்ப கால் பிடிக்கற பொறுப்பு. வெயில் காட்டற பொறுப்பு. எண்ணெய் காய்ச்சினா சூடு பார்க்கற பொறுப்பு. நானே ஒரு அட்டவணை போட்டுக்கிட்டேன், பென்சில்ல.

அடாப்டரை நான் மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாப்பிள்ளை, "கடைக்குப் போலாம் மாமா"ன்னு கிளம்புவார். கிளம்பறப்ப ஏதாவது ஒண்ணு வந்துடும். ஒரு சனி தடுப்பூசி. ஒரு சனி மழை. ஒரு சனி அவ என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டா, எப்படி எழுந்திரிக்கறது?

இந்த ஒரு விஷயம் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. சிவகாமிகிட்டகூட. உங்களை எனக்குத் தெரியாது, அதனால சொல்றேன். ஒன்றரை மாசம் இருக்கும். காலையில பத்து மணி. குழந்தையைத் தள்ளுவண்டியில வெச்சு நானும் சிவகாமியும் கடைத்தெருவுக்குப் போனோம். அவ காய் வாங்க உள்ள போயிட்டா. பக்கத்துல ஒரு ஹார்டுவேர் கடை. முதலாளி பேர் பெருமாள். நம்ம வம்சாவளி, தமிழ் வராது, 'வணக்கம்' மட்டும் சொல்வார். என்னைப் பார்த்ததும் இந்தியான்னு கண்டுபிடிச்சுட்டார். கொக்கியில இருந்து ஒண்ணை எடுத்துக் குடுக்கறார். வெள்ளைக் கட்டை மாதிரி ஒரு சின்ன சாமான். ஒரு பக்கம் நம்ம ஊர் பிளக் போக ஓட்டை. மறுபக்கம் மூணு தடிமன் கம்பி. "லேப்டாப்? இதைச் சொருகு அங்கிள், அவ்வளவுதான்"னு இங்கிலீஷ்ல சொல்றார். விலை ஒண்ணும் பெரிசில்ல.

கையில வாங்கிப் பார்த்தேன். பார்க்கறதுக்கு நம்ம கீசர் பிளக் சாடை இருந்துச்சு. சாடைதான். மனுஷனுக்கு மனுஷன் சாடை இருக்கறதில்லையா? ஆனா அதுல ஃபியூஸ் இல்ல. பொத்தான் இல்ல. கலர் வெள்ளை, என் லேப்டாப் கறுப்பு. நூத்தம்பது நாடுன்னு எங்கயும் போடல. ஒரே ஒரு நாட்டுக்குத்தான் ஆகும். பொதுக்குழு யுனிவர்சலுக்குத்தான ஓட்டுப் போட்டுச்சு? ஒரே நாட்டுக்கு ஆகற சாமானை நான் எந்த அதிகாரத்துல வாங்க முடியும்?

அதுவும் போக, அவ என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சிருந்தா. ஒரு கையில அந்தக் கட்டை. இன்னொரு கையை அவ பிடிச்சிருக்கா. பர்ஸை எடுக்கணும்னா விரலை உருவணும். மெதுவா உருவிப் பார்த்தேன். இறுக்கிக்கிட்டா. ரெண்டு மாசம் ஆகாத பிள்ளைக்கு என்ன பிடி தம்பி அது!

கட்டையைத் திருப்பிக் கொக்கியிலயே மாட்டிட்டேன். "நாளைக்கு வர்றேன்"னு பெருமாள்கிட்ட சொன்னேன். சிவகாமி வந்து, "அந்தக் கடையில என்ன பார்த்தீங்க?"ன்னா. "ஆணி"ன்னேன். அப்புறம் அந்தத் தெருவுல போறப்பல்லாம் எதிர்ப்பக்கமா வண்டியைத் தள்ளிட்டுப் போவேன். அந்தப் பக்கம்தான் நிழல் ஜாஸ்தி.

அறுபது நாள் தொண்ணூறு நாளாச்சு. டிக்கெட்டை மாத்தச் சொன்னது நான்தான். சிவகாமிக்கு மகளை விட்டு வர மனசில்ல, பார்த்தாலே தெரிஞ்சுது. அவ, "நான் ஒண்ணும் சொல்லலையே"ன்னா. எல்லாத்தையும் வாயால சொல்லணுமா?

ஜூலையில திரும்பி வந்தோம். கட்டடம் எப்படிக் கிடக்கோன்னு கவலைப்பட்டுக்கிட்டே வந்தேன். ஆச்சரியம். லிஃப்ட் சத்தம் இல்ல. தண்ணி மோட்டார் பிரச்சினையை அரை மணி நேரத்துல பேசி முடிச்சிருக்காங்க. நாய்க்கு அனுமதி குடுத்திருக்காங்க, அதுவும் பேசாம இருக்கு. பதினோரு வருஷம் நான் போட்ட அஸ்திவாரம் தம்பி, மூணு மாசம் ஆள் இல்லாட்டியும் தானா நிக்குது. வாசல்ல ஒரு கரும்பலகை. 'ஞாயிறு காலை மாடித் தொட்டி கழுவுகிறோம், முடிந்தவர்கள் வாங்க'ன்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கு. எண் இல்ல, தேதி இல்ல, பொருள் இல்ல. ரெஜினா டீச்சர் கையெழுத்து. நான் இல்லாதப்ப வருடாந்திரப் பொதுக்குழு நடத்தி அவங்களைச் செயலாளர் ஆக்கிட்டாங்க. எனக்கு நிரந்தர கௌரவ ஆலோசகர்னு பதவி. புதுசா உருவாக்கின பதவி. உங்களுக்குப் பின்னாடி பாருங்க, பேர்ப்பலகை. செயலாளர் பேரைவிட என் எழுத்து பெருசு. ஆலோசனை கேட்டு இன்னும் யாரும் வரல. அவ்வளவு தெளிவா நடக்குது.

வந்த அன்னிக்கு எல்லாரும், "வாங்க சார், வாங்க சார்"னாங்க. பத்ரி என்னைப் பார்த்ததும் லிஃப்டுக்குக் காத்திருக்காம படியில ஏறிப் போயிட்டார். உடற்பயிற்சி. ரெஜினா டீச்சர் மட்டும் கிட்ட வந்து நின்னு, "சார், சொருக முடிஞ்சுதா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

"பிரமாதமா வேலை செஞ்சுது"ன்னேன்.

"பேத்தி எப்படி இருக்கா?"ன்னாங்க.

அதை எடுத்தேன் பாருங்க, போனை. எழுநூத்திச் சொச்சம் போட்டோ. ஒண்ணு விடாமப் பார்த்தாங்க தம்பி. ஒரு மணி நேரம் இதே இடத்துல நின்னு பார்த்தாங்க. கால் பிடிக்கற போட்டோவைப் பார்த்து, "இது நீங்களா?"ன்னு மூணு தடவை கேட்டாங்க. இதுல என்ன ஆச்சரியமோ தெரியல.

லேப்டாப்பா? ஊருக்கு வந்ததும் நம்ம பிளக்ல சொருகினேன், உயிர் வந்துடுச்சு. சுற்றறிக்கை முன்னூத்திப் பதிமூணு மூணாம் பக்கத்துல அப்படியே நிக்குது. முடிக்கணும். நேரம் எங்க...

கேட்டுதா? மேல இருந்து சத்தம். சிவகாமிதான், பால்கனியில. "என்னங்க, கோமு லைன்ல இருக்கா, பிள்ளை சாப்பிட மாட்டேங்கறா"ங்கறா. இங்க அஞ்சு மணின்னா அங்க ஒன்றரை, பருப்பு சாதம் ஊட்டற நேரம். நான் வந்து ஒரு விதியாவது சொன்னாத்தான் வாயைத் திறப்பா.

அதோ உங்க புரோக்கரும் வந்துட்டார். பார்க்கிங், தண்ணி, என்ன கேக்கணும்னாலும் பி நூத்தி நாலுல கேளுங்க, டீச்சர் சொல்வாங்க. வர்றேன்டி, வர்றேன், போனை வெச்சுடச் சொல்லாத! என்ன தம்பி, இன்னும் உக்காந்தே இருக்கீங்க? எழுந்திரிங்க, கிளம்புங்க. எனக்கு வேலை கிடக்கு.